'காண்க' என்னும் குறிப்பு

திருவொற்றியூர்த் திருக்கோயிலில் வியாகரணம் கற்பிக்கும் மண்டபம் ஒன்று விளங்கியதைச் சோழர் காலக் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. பாணினியின் இலக்கணத்தில் ஏறத்தாழ 4000 நூற்பாக்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றைத் தனித்துப் படித்தால் பொருள் விளங்காது. முன் நின்ற நூற்பாவின் சொல் பின்வருவதிலும் தொடர்ந்து நின்று பொருளை நிறைவு செய்யும். இதனை 'அநுவிருத்தி' என்பர். நூல் முழுவதும் மாணாக்கனின் நெஞ்சில் இருந்ததால் அவ்விணைப்பு அறுபடவில்லை.

அச்சு நூலைப் படிப்போர் அதனை மனனம் செய்வதில்லை. அவர்களுக்கு 'காண்க' என்ற குறிப்பே துணை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் 1,04,405 சொற்கள் உள்ளன. சொல்லின் திரிந்த வடிவத்தைத் தேடி வருவோரையும் அது உரிய இடத்திற்கு அனுப்பிவைக்கிறது.

கணிப்பொறிக் கையேடுகளும் இவ்வழியே சென்றன. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி இருவரும் எழுதிய யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971 நவம்பர் 3 எனத் தேதியிடப்பட்டது. அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் தனிப்பக்கம் உண்டு. 'இதனையும் காண்க' என்ற தலைப்பும் உண்டு. கோப்பகம் மாற்றும் கட்டளை தனி நிரலாக இருப்பின் பயன்தராது. ஆதலால் கட்டளைகளை வாங்கி இயக்கும் 'ஷெல்' என்னும் நிரலே அதனை நிறைவேற்றும். ஆயினும் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, இக்காரணத்தையும் அக்கையேடு எழுதிவைத்தது. பிற்காலத்தில் ஷெல் வளர்ந்தது. 1989இல் வெளிவந்த 'பாஷ்' போன்றவற்றின் உட்கட்டளைகள் நெடிய ஒரே பக்கத்தினுள் அடங்கின. பெயரைக் கொண்டு தேடுவோர் பலமுறை வெறுங்கையுடன் திரும்பினர். விளக்கம் இருந்தது, அதற்கு வழி இல்லை.

இக்குறைக்கு இருவகைத் தீர்வுகள் காணப்பட்டன. பிரீபிஎஸ்டி அமைப்பு, உட்கட்டளைகளை அட்டவணையிட்டு, உரிய ஷெல்லின் பக்கத்தைச் சுட்டும் தனிப்பக்கத்தை அமைத்தது. 1986இல் தோன்றிய டெக்ஸ்இன்போ முறை, இல்லாத பகுதியைச் சுட்டும் குறிப்பைக் கண்டால் நூலாக்கத்தின்போதே பிழையென எச்சரிக்கும். நூலாசிரியரின் நினைவை மட்டும் நம்பியிராது, சரிபார்க்கும் பணியைக் கருவியும் ஏற்றது.

கவிதைத் தொகுப்புகளைப் பதிப்பிக்கும் இலக்கிய வட்டங்களுக்கும் இதில் பாடம் உண்டு. மறுபதிப்பில் பக்க எண்கள் மாறும். பழைய 'காண்க' மட்டும் மாறாமல் நின்றுவிடும். அதனை நம்பிப் பக்கம் புரட்டும் வாசகர் வேறொரு கவிதையின் முன் போய் நிற்பார். அச்சுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு குறிப்பையும் பின்தொடர்ந்து பார்ப்பதும் பதிப்பாசிரியரின் கடமையே.