தொடக்கநிலை வாசிப்பு ஆசிரியர் பயிற்சி: தென்காசி வட்டாரம்

தொடக்க வகுப்புகளில் எழுத்தும் வாசிப்பும் கற்பிப்போருக்குத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பகுதிகளில் அளிக்கப்படும் பயிற்சியின் வரலாறு, பெரிதும் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றுக்குள் அடங்கியது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.

திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கெனத் தனிப் பயிற்சி கிடையாது. மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிப் பழகியவன் சட்டாம்பிள்ளையாகி இளையோருக்குச் சொல்லிக்கொடுத்தான். கற்பிக்கும் பழக்கம் அங்கேயே கைவந்தது. சென்னையில் ஆண்ட்ரூ பெல் நடத்திப்பார்த்து 1797இல் நூலாக்கிய, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறை முழுவதும் திண்ணைப் பள்ளிகளிலிருந்து வந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மணலெழுத்தை உள்ளூர்ப் பள்ளியில் கண்டதை மட்டும் அவரே குறிப்பிட்டுள்ளார்.

1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ், உபதேசியார்களையும் ஆசிரியர்களையும் உருவாக்கப் பள்ளி தொடங்கினார். அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1856இல் சென்னையில் ஏற்பட்டது. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடும், பின்னர் அது இணைந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், அடுத்தடுத்த ஊர்களின் ஆசிரியர்கள் வெவ்வேறு கல்வித்துறைகளின் கீழ் இருந்தனர்.

இப்பயிற்சி பற்றிய விரிவான பதிவுகள் பின்னர் வந்த செயல்வழிக் கற்றல் காலத்தவை. ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளின் முறையைத் தழுவி, அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம். பி. விஜயகுமார் முயற்சியில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய இம்முறை, 2007-08இல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. வட்டார வள மையங்களில் ஆசிரியர் பயிற்றுநர்கள் பயிற்சி நடத்தினர். குறுவள மையக் கூட்டங்களில் ஐயங்கள் பேசப்பட்டன. ஆசிரியர் பழகவேண்டியவை பல. குழந்தை ஏணி அட்டையில் தன் படியைக் கண்டு, அதற்குரிய சின்னமுள்ள அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, பாயில் தன் குழுவைத் தேடி அமரும். குழுக்கள் ஆறு: ஆசிரியரின் முழுத் துணை, பகுதித் துணை, சக மாணவரின் முழுத் துணை, பகுதித் துணை, தானே கற்றல், மதிப்பீடு. ஆசிரியரும் நாற்காலியை விட்டுப் பாய்க்கு இறங்கினார். குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரம் ஓடிய தாழ்நிலைக் கரும்பலகை இம்முறையின் அழகான பேறு. வாசிப்புத் திறன் உயர்ந்ததா என்பதில் ஒருமித்த முடிவில்லை. கல்வி நிலையை ஆய்ந்து வெளியிடப்படும் ஏசர் அறிக்கைகள் தமிழக மாணவரின் வாசிப்பைக் குறைவாகக் காட்டின. குழந்தைகளின் அச்சம் நீங்கியதைப் பலர் சுட்டினர்.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளும் சேர்ந்தன. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரித்துக் கற்பிக்க, ஒன்றியந்தோறும் பருவத்துக்கு ஒருமுறை ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.