ஒன்பது நாள் எருசலேமும் பன்னிரண்டு நாள் ஐரோப்பாவும்

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்து, வண்ணத்தாள் ஒன்றை என் மேசைமேல் விரித்து வைத்தார். ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம் அது. 12 நாட்கள், 8 நாடுகள். பாரிசில் தொடங்கி ரோமையில் முடியும் பயணம். எட்டு என்ற கணக்கை நிரப்ப வத்திக்கானையும் ஒரு நாடாகச் சேர்த்திருந்தார்கள்.

“சாமி, இதில் போகலாம் என்று நினைக்கிறேன். பல வருடமாகச் சேர்த்த பணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். “டீச்சர், எட்டு நாட்டையும் பேருந்துச் சன்னல் வழியாக எண்ணிவிட்டு வரப்போகிறீர்கள்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “வருகிறேன் சாமி” என்று எழுந்து போனார். அவர் மடித்து வைத்த விதம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. அதன் பின்னரே, இவ்வாறு கூட்டமாகச் சென்று நாடுகளைப் பார்த்துவரும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, என் சிரிப்பு எவ்வளவு பழையது என்பதும், அது எத்தகையோர் சிரித்த சிரிப்பு என்பதும் விளங்கலாயின.

மத்திய காலத்து ஐரோப்பியர் ஊர்விட்டு ஊர் சென்றது பெரும்பாலும் வாணிபத்திற்காக, போருக்காக, அல்லது திருத்தலங்களுக்காக. 990-ஆம் ஆண்டில் காண்டர்பரிப் பேராயர் சிகெரிக் ரோமையிலிருந்து திரும்புகையில் தங்கிய ஊர்களின் பட்டியல் இன்றும் உள்ளது. 12-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் கொம்பொஸ்தெலாவுக்குச் செல்லும் திருப்பயணிகளுக்கென வழிகாட்டி நூல் எழுதப்பட்டது. 1300-இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தபோது ரோமையின் தெருக்கள் கொள்ளாத அளவுக்கு மக்கள் திரண்டனர். இவர்களெல்லாம் நடந்தோ, குதிரையிலோ, தாமே வழி தேடிச் சென்றவர்கள். உணவு, உறைவிடம், சுங்கம், வழிகாட்டி அனைத்தையும் ஒரே தொகையில் அடக்கி, “ஏறி அமருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் ஏற்பாடு எருசலேம் பயணத்தில்தான் நன்கு வளர்ந்தது. அதை நடத்தியவர்கள் வெனிஸ் நகரத்துக் கப்பல் தலைவர்கள்.

இதைப் பற்றி விரிவாக எழுதி வைத்தவர் பெலிக்ஸ் பாப்ரி என்னும் சாமிநாதர் சபைத் துறவி. சூரிக்கில் பிறந்து, ஜெர்மனியின் உல்ம் நகர மடத்தில் மறையுரையாளராக வாழ்ந்தவர். வெனிசின் புனித மாற்கு சதுக்கத்தில் கப்பல் தலைவர்கள் சிலுவை பொறித்த கொடிகளை நட்டு வைப்பார்களாம். கொடியருகே நிற்கும் பணியாட்கள் வருகிற போகிற திருப்பயணிகளைத் தம் கப்பலுக்கு அழைப்பதோடு, அடுத்த கொடிக்காரனின் கப்பலைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்வார்களாம். பேருந்து நிலையத்தில் கையைப் பிடித்து இழுக்கும் தரகர்களைக் கண்ட நமக்கு இது புதிதன்று. பேச்சு முடிந்ததும் ஒப்பந்தம் எழுதப்படும். யாப்பா துறைமுகம் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருதல், நாள்தோறும் இருவேளை உணவு, காலையில் ஒரு கிண்ணம் மதுரசம், சுங்கவரி, கழுதைக் கூலி எல்லாம் தலைவனின் பொறுப்பு. பாப்ரியின் இரண்டாம் பயணத்தில் இதற்கு ஆளுக்கு 40 தூக்கத் பொற்காசு.

இரண்டாம் பயணம் என்றேன். முதல் பயணம் 1480-இல் நடந்தது. அப்போது அவர் புனித நாட்டில் இருந்தது வெறும் ஒன்பது நாட்கள். இரவென்றும் பகலென்றும் பாராமல் திருத்தலங்களுக்கு ஓடவைத்தார்கள். ஓய்வு என்பதே இல்லை. எதை எங்கே கண்டோம் என்பதே நினைவில் நிற்கவில்லை என்று அவரே வருந்தி எழுதுகிறார். இத்தனை நூற்றாண்டுக்கு முன் ஒரு துறவி எழுதியதைப் படித்தபோது, அந்த வண்ணத்தாள்தான் என் கண்முன் வந்தது.

ஆனால் பாப்ரி அத்துடன் நின்றுவிடவில்லை. மடத்துக்குத் திரும்பியதும், புனித நாட்டைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தார். 1483-இல் பிரபுக்கள் சிலருக்கு ஆன்ம குருவாக மறுபடியும் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து வெனிசுக்கு வந்தார். இம்முறை எருசலேமோடு சீனாய் மலை, கெய்ரோ வரை சென்றார். கழுதையின் மேலும் ஒட்டகத்தின் மேலும் அமர்ந்தபடியே நாள் தவறாமல் குறிப்பெழுதினார். அவசரமாகப் பார்த்ததை அவர் வீண் என்று ஒதுக்கவில்லை என்பதையே நான் இங்கே கவனிக்கிறேன். அந்த ஒன்பது நாட்கள் இல்லாவிடில் அந்தப் படிப்பும் இல்லை, இரண்டாம் பயணமும் இல்லை.

16-ஆம் நூற்றாண்டில் திருச்சபை பிளவுண்டபின் வட ஐரோப்பாவில் திருப்பயணங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. ஆயினும் மக்கள் இத்தாலிக்குப் போவது நிற்கவில்லை. போகும் காரணம் மாறிற்று. இந்த மாற்றத்தின் வாயிலில் நிற்பவரும் ஒரு கத்தோலிக்கக் குருவே என்பது எனக்கு வியப்பளித்தது. ரிச்சர்ட் லாசெல்ஸ் என்னும் ஆங்கிலேயர் அவர். கத்தோலிக்கக் குருக்கள் இங்கிலாந்தில் தலைகாட்ட முடியாத காலம். டூவே குருமடத்தில் பயின்ற அவர், பிரபு குலத்து இளைஞர்களுக்கு ஆசானாக ஐந்து முறை இத்தாலியைச் சுற்றி வந்தார். அவர் இறந்து ஈராண்டுக்குப் பின், 1670-இல் பாரிசில் வெளிவந்த அவரது இத்தாலிப் பயண நூலில்தான் ‘பெரும் சுற்றுப்பயணம்’ என்று பொருள்படும் ‘கிராண்ட் டூர்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேறியது என்பர்.

அடுத்த நூற்றாண்டில் அது செல்வர் வீட்டு மரபாகிவிட்டது. கல்வி முடித்த இளைஞன் ஆசானோடும் பணியாட்களோடும் பாரிஸ், ஜெனீவா, புளோரன்ஸ், வெனிஸ், ரோமை என்று ஓராண்டோ ஈராண்டோ அலைந்து திரும்புவான். சிற்பங்கள், ஓவியங்கள், கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் சூதாட்டம். உடன் செல்லும் ஆசானைக் கேலியாகக் ‘கரடி நடத்துபவர்’ என்றழைத்தார்களாம். இதைப் பற்றி நூல்கள் ஏராளம். எனினும் ஆயிரத்தில் ஒருவருக்கும் எட்டாத இந்தப் பயணத்தில் எனக்கு அதிக ஈடுபாடு தோன்றவில்லை. மற்றவர்கள் எப்போது போனார்கள் என்பதே என் கேள்வி.

அதற்கு விடையாக வருபவர் தாமஸ் குக். 1808-இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, பத்து வயதில் பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்குப் போனார். பிறகு தச்சுத் தொழில் கற்றார். பாப்திஸ்து சபையின் ஊர்சுற்றும் போதகராகி, மதுவிலக்கு இயக்கத்தில் சேர்ந்தார். குடியில் அழியும் தொழிலாளிக்கு அதைவிட நல்ல மகிழ்ச்சி ஒன்றைக் காட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லாப்பரோவுக்கு, ஏறத்தாழ 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்றார். மதுவிலக்குக் கூட்டத்திற்கான பயணம் அது. இன்று உலகெங்கும் ஓடும் சுற்றுலாப் பேருந்துகளின் மூதாதை அந்த ரயில் எனலாம்.

1855-இல் பாரிசில் உலகக் கண்காட்சி நடந்தது. நேர்வழிக் கடற்பயணத்தை நடத்திய நிறுவனங்கள் குக்குடன் ஒத்துழைக்க மறுத்தன. எனவே அவர் தம் குழுவைச் சுற்றுவழியில் அழைத்துச் சென்றார்: ஹார்விச் துறைமுகத்திலிருந்து ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதிவழியே தெற்கு நோக்கி, ஹைடல்பர்க், பாடன்-பாடன், ஸ்ட்ராஸ்பர்க், கடைசியில் பாரிஸ். வழி அடைபட்டதால் பிறந்தது பல நாட்டுச் சுற்றுப்பயணம்! மதுவைத் தொடாத அந்த மனிதர் ரைன் கரையின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மக்களை நடத்திச் சென்றது தனிக்கதை.

கொலோனில் அவர்கள் கண்ட பேராலயத்தை இன்று எவரும் காண இயலாது. 1248-இல் தொடங்கப்பட்ட அந்தக் கோவிலின் பலிபீடப் பகுதி 1322-இல் அர்ச்சிக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டில் பணி நின்றுவிட்டது. தெற்குக் கோபுரம் பாதியில் நிற்க, அதன் உச்சியில் கல் தூக்கும் மரப் பொறி ஒன்று ஏறத்தாழ 400 ஆண்டுகளாக நின்றிருந்தது. ஊருக்கு அடையாளமே அந்தப் பொறிதான். 1842-இல் பணி மீண்டும் தொடங்கியது. ஆகவே 1855-இன் பயணிகள் கண்டது, சாரங்களும், முற்றுப்பெறாத சுவர்களும், பலிபீடப் பகுதியை அடைத்து நின்ற தற்காலிகச் சுவருமே. அச்சுவர் 1863-இல்தான் இடிக்கப்பட்டது. மரப்பொறியை 1868-இல் இறக்கினார்கள். 1880-இல் 157 மீட்டர் உயரக் கோபுரங்களோடு ஆலயம் நிறைவெய்தியது. கொலோனில் நான் ஒரு முறை நின்றிருக்கிறேன். நிறைவுற்ற கோபுரங்களை அண்ணாந்து பார்த்தேனேயன்றி, தம் வாழ்நாளில் அது முடியாது என்றறிந்தே அதன் நிழலில் வாழ்ந்து மடிந்த தலைமுறைகளைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. அவசரம் என்பது பேருந்தில் மட்டும் இருப்பதன்று போலும்.

1863-இல் குக் சுவிட்சர்லாந்துக்கு ஒரு குழுவை நடத்தினார். அதில் சென்ற யார்க்ஷயர்ப் பெண் ஜெமைமா மாரலின் நாட்குறிப்பு, இரண்டாம் உலகப் போருக்குப்பின் லண்டனில் குண்டுவீச்சில் சிதைந்த கட்டட இடிபாடுகளில் கிடைத்து, 1963-இல் அச்சானது. பாரிஸ், ஜெனீவா, சாமொனி, ஜெம்மி கணவாய், இன்டர்லாக்கன், ரிகி மலை என்று மூன்று வாரம். விடியுமுன் எழுந்து, நீண்ட பாவாடையோடு பனிப்பாறைகளில் ஏறியிறங்கினார்கள். ஆண்துணை இன்றிப் பெண்கள் வெளிநாடு செல்வது இழுக்கெனக் கருதப்பட்ட நாளில், குக்கின் குழுக்களில் ஆசிரியைகளும் திருமணமாகாத பெண்களும் துணிந்து சேர்ந்தார்கள்.

எதிர்ப்பும் கிளம்பியது. இத்தாலியின் லா ஸ்பேசியாவில் பிரித்தானியத் துணைத்தூதராக இருந்த எழுத்தாளர் சார்லஸ் லீவர், 1865-இல் ஒரு கதையைக் கட்டி விட்டார். ஆஸ்திரேலியா ஏற்க மறுத்த கைதிகளைத்தான் குக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்து இத்தாலிய நகரங்களில் விடுகிறாராம்! கற்றறிந்தோர் பலர் இதை ரசித்துச் சிரித்தனர். கடைக்காரரும் எழுத்தரும் ஆசிரியரும் ரபேலின் ஓவியத்திற்கு முன் நிற்பது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. குக் தாம் நடத்திய இதழிலேயே மறுமொழி எழுதினார். உலகின் அழகும் பழமையும் செல்வர்க்கென்று வேலியிடப்பட்டவை அல்ல என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இந்த இடத்தில் நூலை மூடிவைத்தேன். துணைத்தூதரின் சிரிப்பு, அன்று மாலை என் மேசைக்குப் பின்னால் இருந்து எழுந்த சிரிப்பே அல்லவா? படித்தவன், பார்த்தவன், தனியாகப் போய்வந்தவன் சிரிக்கிற சிரிப்பு. அதிலும் நான் போனது மறைமாவட்டத்தின் செலவில். பங்கு மக்களை வேனில் ஏற்றி, பூண்டியிலும் வேளாங்கண்ணியிலும், “நேரமாயிற்று, நேரமாயிற்று” என்று விசில் ஊதி விரட்டியவனும் நானே.

குக்கின் எஞ்சிய கதை துயரமானது. அறப்பணியையும் வணிகத்தையும் கலக்கக் கூடாது என்ற மகன் ஜான் மேசனோடு மனம் முறிந்து, 1870-களின் இறுதியில் அவர் தொழிலை விட்டு விலகினார். 1880-இல் மகள் இறந்தாள். நான்கு ஆண்டுகளில் மனைவியும். கண்பார்வை மங்கிய நிலையில், பிறந்த ஊரில் ஏழை முதியோருக்கு வீடுகள் கட்டித்தந்தார். 1892-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பிரித்தானிய நிறுவனம் 2019 செப்டம்பரில் கடன் சுமையால் சரிந்தது. அயல்நாடுகளில் தவித்த ஏறத்தாழ 1,50,000 பிரித்தானியப் பயணிகளை அரசே விமானங்கள் அமர்த்தி மீட்டது. அம்முயற்சிக்கு மேட்டர்ஹார்ன் என்ற சுவிஸ் மலைச்சிகரத்தின் பெயரை இட்டார்கள்.

பாப்ரியைப் பற்றி இன்னும் ஒன்று. முதுமையில், 1492-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவர் ஜெர்மன் மொழியில் ‘சீயோன் பயணிகள்’ என்றொரு நூல் எழுதினார். சுவாபியாவின் அடைபட்ட மடங்களில் வாழ்ந்த சாமிநாதர் சபைக் கன்னியர், தாங்கள் போகவே முடியாத இடங்களுக்கு மனத்தாலேனும் போய்வர விரும்பிக் கேட்டதால் எழுதியது. நாளுக்கு ஒரு தொலைவு வீதம் எருசலேம், ரோமை, கொம்பொஸ்தெலா மூன்றுக்கும் அழைத்துச் செல்கிறது. இந்தப் பயணிக்குக் காசு வேண்டியதில்லை, கடற்கொள்ளையர் பயமில்லை, விரும்பிய இடத்தில் விரும்பியவரை நிற்கலாம். ஒன்பது நாளில் விரட்டப்பட்டவருக்கு அந்தக் கடைசிச் சலுகையின் அருமை தெரிந்திருக்கிறது.

பாஸ்கா முடிந்த வாரம் நானே ஆசிரியையின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தார்! பாரிசுக்கும் கொலோனுக்கும் ரோமைக்கும் நான் எழுதி வைத்திருந்த சில பக்கங்களை அவரிடம் கொடுத்தேன். கொலோனில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நேரம் 40 நிமிடம். மூவரசர் பேழை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டார். தலைமைப் பீடத்திற்குப் பின்னால் என்றேன். குறித்துக்கொண்டார்.

ஜூன் மாதம் திரும்பி வந்தார். கால் வீங்கியிருந்தது. மரப்பொறி நிற்கும் பழைய கொலோன் படம் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றை எனக்காக வாங்கி வந்திருந்தார். காபி ஆறும்வரை பேசிக்கொண்டே இருந்தார்.

“ரோமையைத்தான் சரியாகப் பார்க்கவில்லை சாமி, ஒரே ஓட்டம். இன்னொரு முறை போக வேண்டும்” என்றார்.

பணத்துக்கு என்ன வழி என்று நான் கேட்கவில்லை. ரோமையைப் பற்றி வேறு என்ன புத்தகம் இருக்கிறது என்று அவர் கேட்டார். என் அலமாரியிலிருந்து இரண்டை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இன்னும் திரும்பி வரவில்லை.