முட்செடியின் இலையும் கொய்யாக் குருத்தும்

கல்முனையை அடுத்துள்ள நற்பிட்டிமுனை, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்துவரும் ஊர். அங்கே குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், அம்மம்மா ஆயினும் உம்மம்மா ஆயினும் முதலில் நாடுவது வளவிலுள்ள கொய்யா மரத்தையே. இளங்குருத்தைக் கிள்ளி, நீரிலிட்டுக் காய்ச்சி, துவர்ப்பு ஏறியதும் வடித்துக் கொடுப்பர்.

குளிர்நாடுகளில் இதே பணியைச் செய்துவந்தது ஒரு முட்செடியின் இலை. பிளாக்பெரி என்று இன்று பெயர் பெற்ற கனியைத் தருவது அது. கி. பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவரான தியொஸ்கோரிதிஸ், அதன் கொழுந்தைக் காய்ச்சிய நீர் வயிற்றுப் போக்கைக் கட்டும் என்றும், இலையை மென்றால் பல்லீறு உறுதிப்படும், வாய்ப்புண் ஆறும் என்றும் எழுதிவைத்தார். கி. பி. 512 அளவில் கொன்ஸ்தாந்திநோப்பிளில் எழுதப்பட்ட அந்நூலின் படியொன்று இன்றும் வியன்னா நகரில் உள்ளது. அதில் அம்முட்செடியின் வண்ண ஓவியத்தைக் காணலாம். பிற்காலத்தார் அந்த ஏட்டில் செடிகளின் பெயர்களை அரபு மொழியிலும் எழுதிச் சேர்த்தனர்.

அந்த அரபு எழுத்துக்கள் தற்செயலானவை அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதிலே இஸ்திபான் இப்னு பஸீல் என்பார் தியொஸ்கோரிதிஸின் நூலை அரபில் பெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அதனைத் திருத்தினார். முட்செடி அங்கே ‘உல்லைக்’ ஆயிற்று. 1248இல் தமஸ்கு நகரில் மறைந்த இப்னுல் பைத்தாரின் மருந்துக் களஞ்சியத்திலும் அது இடம்பெற்றது. கிரேக்கருக்கு அரபியர் இட்ட பெயராலேயே இம்மருத்துவம் யூனானி எனப்பட்டு, இலங்கை முஸ்லிம்களிடையேயும் வழங்கலாயிற்று. 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றோடு யூனானியும் கற்பிக்கப்பட்டது.

நூலறிவு கடல் கடந்தது. செடி மட்டும் இக்கரைக்கு வரவில்லை. அது குளிரை விரும்புவது. அதன் இனத்தைச் சேர்ந்த மஞ்சட்கனி முட்செடியொன்று இலங்கையின் மலைநாட்டில் வெளியிலிருந்து வந்து புகுந்து, அங்குள்ள காட்டுக்கே இடையூறாகப் பரவியுள்ளது. கல்முனைக் கரையின் வெம்மணலில் அதற்கு இடமில்லை. ஆகவே இங்குள்ளோர் நாவற்பட்டையையும் மாதுளந்தோலையும் கொய்யாக் குருத்தையும் கைக்கொண்டனர். இவற்றுள் கொய்யாவும் அந்நிய மரமே என்பது பலர் நினையாதது. அமெரிக்க வெப்பநாடுகளே அதன் தாயகம். ஐரோப்பியர் கப்பலோட்டிய காலத்திலேதான் அது ஆசியாவுக்கு வந்தது. பரம்பரை மருந்து என்று இன்று போற்றப்படுவது, ஒரு காலத்தில் கப்பலில் வந்த புதுமையாகும்.

முட்செடி இலைக்கும் கொய்யா இலைக்கும் பொதுவானது துவர்ப்பு. இரசாயன நூலார் இதனைத் தனின் என்பர். அது புரதத்தோடு கூடி, நைந்த தசைப்பரப்பை இறுகச் செய்வது. அறுசுவையுள் ஒன்றாகத் துவர்ப்பைத் தனியே வைத்தெண்ணிய தமிழ் மருத்துவர், சோதனைக் குழாயின்றி நாவினாலேயே அதனை அறிந்தனர்.

பிளாக்பெரியின் உறவான ராஸ்பெரியின் கதை வேறு. ஐரோப்பியப் பெண்கள் பேறு எளிதாகுமென்று நம்பி அதன் இலைநீரைப் பருகிவந்தனர். 1941இல், போர்க்காலப் பிரித்தானியாவில், பேர்ன், விதெல் என்னும் இருவர் அவ்விலையில் கருப்பைத் தசையைத் தளர்த்தும் பொருளொன்று உண்டென்று ‘லான்செட்’ இதழில் எழுதினர். ஆனால் 2001இல் அவுஸ்திரேலியாவில் 192 கருவுற்ற பெண்களிடம் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தபோது, பேற்றுவலியின் முதற்கட்டம் அதனாற் குறுகவில்லை என்பது தெரிந்தது. கருப்பையைத் தொடுவதாகச் சொல்லப்படும் எந்த இலையையும் மருத்துவரைக் கேளாது கருவுற்றவர் பருகுதல் தகாது.

வயிற்றோட்டத்திலும் இலைக்கு ஓர் எல்லை உண்டு. குழந்தையின் உயிரைப் பறிப்பது ஓட்டமன்று. அதனோடு உடலைவிட்டுப் போகும் நீரும் உப்பும். 1971இல் வங்காள அகதிகள் போங்கான் ஊரில் வாந்திபேதியால் மடிந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குளுக்கோசும் உப்பும் சோடாவும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. அக்கலவையின் வழிவந்ததே இலங்கை மக்கள் ‘ஜீவனி’ என்று அறிந்த பொதி. துவர்ப்பு நீர் ஓட்டத்தை ஓரளவு கட்டக்கூடும்; போன உப்பை அது மீட்டுத் தராது. கொய்யாக் குருத்து அடுப்பிற் கொதிக்கும் வேளையிலேயே ஜீவனி நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டத் தொடங்கவேண்டும். குழந்தையின் கண் குழிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, குருத்தையும் அடுப்பையும் விட்டு ஆசுபத்திரிக்கே செல்லவேண்டும்.