அம்பாசடர்: உயரம் குறைத்தல்

பழைய அம்பாசடர் காரின் உடலைத் தரைக்கு நெருக்கமாக இறக்கும் மாற்றம். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான இந்தக் காருக்கு முன்னே சஸ்பென்ஷனாக டார்ஷன் பார் (முறுக்குத் தண்டு), பின்னே ஸ்பிரிங் பட்டை அடுக்கு. முன்புறம் பாரின் பிடிமானத்தை மாற்றி அமைப்பார்கள். பின்புறம் பட்டையின் வளைவைக் குறைப்பார்கள், அல்லது ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பார்கள். அடுக்கிலிருந்து ஒரு பட்டையை உருவிவிடுவது மலிவு வேலை. ஆனால் நெல்மூட்டை ஏற்றியதும் கார் உட்கார்ந்துவிடும். குட்டை ஷாக் அப்சார்பரும் வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

காவிரி டெல்டாவில் அழகைவிடக் காரின் அடிவயிறு முக்கியம். தஞ்சாவூர்–திருவையாறு சாலையில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகள். பாலத்துக்குப் பாலம் ஏற்ற இறக்கம். அறுவடை நாளில் சாலையில் பரப்பிய வைக்கோல், தாழ்ந்த காரின் சூடான சைலன்சரில் சிக்கித் தீப்பிடிக்கக்கூடும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீ. அகலம். முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.46 மீ. உள்ள அம்பாசடரின் வயிற்றை நோக்கி அது நாலரை செ.மீ.தான் எழும். ஊரார் போட்ட குறுகிய மேடோ முழு உயரத்துக்கும் எழும். ஆகவே 3 செ.மீ. இறக்கமே இங்கே போதுமானது.

ஆனால் சட்டம் வேறு: தயாரிப்பாளரின் வடிவமைப்புக்கு முரணான மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 50 ஆண்டு கடந்த கார்களுக்கான 2021ஆம் ஆண்டு விண்டேஜ் பதிவு விதியும் அசல் வடிவத்தையே கேட்கிறது.