கடல் வழிவிடும் வரை

விருத்தாசலத்து மக்களாகிய நமக்குக் கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு அப்பால், கடலூரில் இருக்கிறது. நமக்கு நெருங்கிய உறவு மண்தான். களிமண்ணைப் பிசைந்து, அச்சில் வார்த்து, சூளையில் சுட்டுப் பொம்மையாகவும் பியூஸ் கட்டையாகவும் ஆக்கிய ஊர் இது. அத்தொழில் தளர்ந்தபோது வேலை தேடி வெளியூர் சென்ற இளைஞர் பலர். அவர்களுள் ஒருவர் மும்பையில் பணிபுரிகிறார். நிழற்படம் எடுப்பதில் நாட்டம் மிக்கவர். சென்ற ஆண்டு தை மாதம், அமாவாசையை அடுத்த ஒரு புதன்கிழமை, “சாமி, இந்தக் கரையை ஒருமுறை நடந்தே பாருங்கள்” என்று நம்மை அழைத்துச் சென்றார். மாகிமில் தொடங்கி ஹாஜி அலி தீவில் முடிந்த அந்த நடையைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மாகிம் தூய மிக்கேல் ஆலயத்தில் புதன்தோறும் அன்னையின் நவநாள் நடைபெறுகிறது. கத்தோலிக்கர் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் திரளாக வருகின்றனர். வேளாங்கண்ணியில் நம் மக்கள் உலோகத் தகட்டில் காணிக்கையிடும் உருவங்களை இங்கு மெழுகில் செய்கின்றனர். வீடு வேண்டுவோர் மெழுகு வீட்டையும், பிள்ளை வேண்டுவோர் மெழுகுக் குழந்தையையும் ஏந்தி நின்றனர். இளைஞர் எடுத்த முதல் படம், முதிய தாய் ஒருவரின் உள்ளங்கையில் இருந்த மெழுகு வீடு. வாடகை வீட்டிலேயே வாழ்நாளைக் கழித்தவராம்.

கரையோரம் தெற்கே நடக்கையில், இந்நகரம் ஒரே நிலமாகப் பிறந்ததன்று என்பதை நினைவுகூர்ந்தோம். கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மசகாவ், பரேல், வொர்லி, மாகிம் என்னும் ஏழு தீவுகளே இன்றைய மாநகரம். 1534இல் குஜராத் சுல்தானிடமிருந்து போர்த்துகீசியர் கைக்கு வந்த இவை, 1661ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேய மன்னருக்குச் சீதனமாயின. 1668இல் கிழக்கிந்தியக் கம்பெனி, ஆண்டுக்கு 10 பவுன் குத்தகைக்கு இவற்றைப் பெற்றது. கடலையே வாழ்வாகக் கொண்ட கோலி மக்களை எவரும் கேட்டதில்லை.

தாதரில் அண்ணல் அம்பேத்கரின் உடல் 1956 டிசம்பரில் எரியூட்டப்பட்ட சைத்ய பூமியைக் கண்டு வணங்கினோம். பின்பு சாலையும் கரையுமாக மாறி மாறி நடந்து வொர்லி கோலிவாடாவை அடைந்தோம். பழைய கோட்டையின் அடியில் கருவாடு காய்ந்தது. வலை பழுதுபார்ப்போர் நிமிர்ந்து பாராமல் வேலை செய்தனர். அவர்களுக்குப் பின்னால், 2009இல் திறக்கப்பட்ட கடற்பாலம் வெண்மையாக நின்றது. அதனோடு இணையும் கடற்கரைச் சாலையின் முதற்பகுதி 2024 மார்ச் மாதம் திறக்கப்பட்டது. அச்சாலைத் திட்டத்திற்காக ஏறத்தாழ 111 ஹெக்டேர் கடற்பரப்பு நிரப்பப்பட்டது. இங்குக் கட்டும் பாலத்தூண்களுக்கு இடையே 60 மீட்டர் இடைவெளி போதாது, அலையடிக்கும் நாளில் படகுகள் மோதிவிடும் என்று மீனவர் நெடுநாள் போராடினர். 2022இன் இறுதியில், ஒரு தூணைத் தவிர்த்து 120 மீட்டர் வழிவிட மாநகராட்சி இசைந்தது. நகருக்கு அது ஒரு தூண். அவர்களுக்கோ, கடலுக்குச் செல்லும் வாசல்.

வொர்லிக்கும் பம்பாய்த் தீவுக்கும் இடையே முற்காலத்தில் ஒரு பெருந்திறப்பு இருந்தது. ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் உட்புகுந்து நடுநிலத்தை மூழ்கடித்தது. 1771 முதல் 1784 வரை ஆளுநராயிருந்த வில்லியம் ஹார்ன்பியின் காலத்தில் அத்திறப்பு அணையிட்டு அடைக்கப்பட்டது. ‘வெல்லார்ட்’ என்னும் அவ்வணையின் பெயர், வேலியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அணை இடிந்து இடிந்து விழ, மகாலட்சுமியின் திருவுருவைக் கடலிலிருந்து எடுத்த பின்னரே அது நிலைத்தது என்று மரபு கூறுகிறது. சேற்று நிலம் மேட்டு நிலமாயிற்று. இலட்சக்கணக்கானோர் குடியேற இடம் கிடைத்தது. அன்பு வாசகரே, இணைப்பதும் நிரப்புவதும் முற்றிலும் தீது என்று நாம் சொல்லவில்லை. ஆபத்தான கழிமுகத்தைக் கடக்க, 1845இல் திறக்கப்பட்ட மாகிம் பாலச்சாலைக்குப் பெரும்பொருள் ஈந்த ஆவாபாய் என்னும் பார்சிப் பெருமாட்டியை யார் பழிப்பர்? ஆயினும் ஒவ்வோர் இணைப்பிலும் யாரோ சிலர் பிரிக்கப்படுகின்றனர். அவர்களை எண்ணினோமா என்பதே கேள்வி.

நண்பகலில் ஹாஜி அலி கரையை அடைந்தபோது அங்குப் பாதையே இல்லை! ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவில் வெண்பள்ளிவாசலும் தர்காவும் நீரில் மிதப்பனபோல் தோன்றின. நம் கடலூர்க் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள் அடங்கும். மும்பையிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 4 மீட்டரையும் தாண்டும். தீவுக்குச் செல்லும் கைப்பிடியற்ற தாழ்ந்த பாதையைக் கடல் மூடிவிடுகிறது. வற்றம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்தோம். மகிழுந்தில் வந்த வணிகரும், கைக்குழந்தையோடு வந்த ஏழைத் தாயும், பாதையில் அமர்ந்து பிச்சை ஏற்போரும் ஒரே சுவரோரம் காத்திருந்தனர். முந்திச் செல்ல யாருக்கும் வழியில்லை. இரண்டு மணி நேரத்திற்குப் பின் கல் ஒன்று தெரிந்தது, பிறகு ஒரு கோடு, பிறகு பாதை. செங்கடலைக் கடந்த இஸ்ரயேல் மக்களைப் பற்றி எத்தனையோ முறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆயினும் வழி என்பது கொடுக்கப்படுவது, எடுத்துக்கொள்ளப்படுவதன்று என்பதை அன்றுதான் கால்களால் அறிந்தோம்.

நடக்கையில் நாமே ஒரு தவறும் செய்தோம். பாதையில் அமர்ந்திருந்த கால் இழந்த முதியவரை, அவரைக் கேளாமலே படமெடுத்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “சாமி, கேட்டு எடுத்தால் அவர்களே சிரிப்பார்கள்” என்று இளைஞர் மெல்லச் சொன்னார். வெட்கத்தோடு அருகில் அமர்ந்து மன்னிப்புக் கேட்டோம். மொழி புரியாவிடினும் கூப்பிய கை புரிந்தது. அப்படத்தை அழித்துவிட்டோம்.

1431இல் எழுந்ததாகக் கூறப்படும் இத்தர்கா, புகாராவிலிருந்து வந்த வணிகர் சையது பீர் ஹாஜி அலி ஷா புகாரியின் நினைவாக அமைந்தது. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. எண்ணெயைத் தரையில் சிந்திவிட்டு அழுத ஏழைப்பெண்ணுக்கு இரங்கி, அவர் விரலால் நிலத்தைக் குத்தினாராம். எண்ணெய் பீறிட்டுக் கலம் நிறைந்தது. ஆனால், இரக்கத்தால் செய்த அச்செயலிலும் நிலத்தைப் புண்படுத்திவிட்டோமே என்னும் துயரம் அவரை வாட்டியதாம்.

மண்ணைத் தோண்டி வாழ்ந்த ஊரினர் நாம்; இக்கதை நம்மைச் சுட்டது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும் பூமியைச் சகோதரியாகக் கண்டு, நாம் அவளுக்கு இழைத்த காயத்தைப் பேசுகிறது. ஒரு விரல் குத்தியதற்கு அந்த மகான் வருந்தினார். எந்திரங்களால் குடைந்த பின்னும் நாம் வருந்துகிறோமா?

இன்று நம் மேசைமீது இரண்டு படங்கள் உள்ளன. இரண்டும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. ஒன்றில் கடல் மட்டும்; மற்றொன்றில் மக்கள் நிறைந்த பாதை. முதற் படத்திலும் பாதை இருக்கத்தான் செய்கிறது, நீருக்கடியில். வேலையின்றி வந்து, வழியே இல்லை என்று கலங்கும் இளைஞரிடம் நாம் இப்போது அதிகம் பேசுவதில்லை. அவ்விரு படங்களையும் காட்டிவிட்டு, உடன் அமர்ந்து காத்திருக்கிறோம்.