பாரிசவாயு ஆராய்ச்சியில் நோயாளியின் இடம்

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உடனிருந்து பணி செய்வோன் என்பன அந்நான்கு. அவற்றுள் நோயுற்றவனுக்கே அவர் முதலிடம் அளித்தார். ஆயினும், மருத்துவ ஆராய்ச்சியின் வரலாற்றில் நோயாளி நெடுங்காலம் ஆராயப்படும் பொருளாக இருந்தானேயன்றி, ஆராய்ச்சியில் பங்குகொள்பவனாக இருக்கவில்லை. இந்நிலை மாறிவரும் வகையை, நம்மவர் பலர் குடியேறி வாழும் கொல்கத்தா நகரைக் கொண்டே காண்போம்.

1971-ஆம் ஆண்டில், வங்கதேச விடுதலைப் போரினால் எல்லை கடந்து வந்த அகதிகளிடையே காலரா பரவிற்று. இரத்தக் குழாய் வழியே செலுத்தும் உப்புநீர் போதவில்லை. கல்கத்தாவிலிருந்து பன்காவ் சென்ற டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளூக்கோஸும் சமையல் சோடாவும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கத் துணிந்தார். அதனை ஊட்டியவர்களுள் நோயாளிகளின் உற்றாரும் இருந்தனர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கிற்று. உடனிருப்போரின் கை எத்துணை வலியது என்பதை உலகம் அன்று கண்டது.

காலரா சில நாட்களில் தீர்வது. பாரிசவாயுவோ, பிழைத்தவரையும் அவர் வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் பற்றி நிற்பது. 2003 முதல் 2005 வரை கொல்கத்தா மருத்துவர்கள் வீடு வீடாகச் சென்று 52,377 பேரை ஆராய்ந்தனர். இந்நோய் கண்டவர்களுள் நூற்றுக்கு 41 பேர் முப்பது நாட்களுக்குள் இறந்தனர் என்றும், பெண்களுக்கு இந்நோய் கூடுதலாக வருகிறது என்றும் அவ்வாய்வு காட்டிற்று. மருத்துவமனைக்கே வராதவர்களையும் கணக்கிற் கொண்டது அதன் சிறப்பு. ஆனால், பெண்கள் மிகுதியாகப் பாதிக்கப்படுவது ஏன்? நோய் கண்ட எத்தனையாம் மணியில் அவர்கள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுகிறார்கள்? இவற்றை எண்ணிக்கை மட்டும் சொல்லாது; வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

பின்னர், 2014-க்கும் 2016-க்கும் இடையே, இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு மற்றோர் ஆராய்ச்சி நடைபெற்றது. வீட்டார்க்கே உடற்பயிற்சி முறைகளைக் கற்பித்தால் நோயாளி விரைவில் தேறுவாரா என்பது வினா. 2017-இல் வெளிவந்த முடிவு, அதனால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்பதே. நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதை இது உணர்த்துகிறது. வீட்டாரின் உழைப்பை நாடுவது ஒன்று. அவர்தம் அறிவை நாடுவது வேறொன்று.

அவ்வறிவை முன்னரே நாடியவர்கள் ஸ்காத்லாந்தில் உளர். பாரிசவாயுவிற்குப் பிந்திய வாழ்வைப் பற்றி எவற்றை ஆராய வேண்டும் என்று நோயாளிகளும் பராமரிப்போரும் மருத்துவத் துறையினரும் ஒருங்கிருந்து பத்து வினாக்களைத் தேர்ந்தனர். 2012-இல் வெளியான அப்பட்டியலின் உச்சியில் நின்றது சிந்தனைத் திறனை மீட்பது பற்றிய வினா. பேச்சிழப்பும் அதில் முன்னிடம் பெற்றது.

பேச்சிழப்பு நமக்கு நெருங்கிய செய்தி. லேக் மார்க்கெட் வட்டாரத்தில் வாழும் தமிழ் மூதாட்டி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கடைத்தெருவில் வங்காளியும் வீட்டில் தமிழும் பேசி வாழ்ந்தவர். பல மொழி அறிந்தார்க்கு இந்நோயின் பின் எல்லா மொழிகளும் ஒரே அளவில் மீள்வதில்லை. பேச்சுப் பயிற்சியோ வங்காளியில் நடக்கிறது. அவர் எச்சொல்லைத் தேடித் தவிக்கிறார் என்பதை அறிந்தவள் அருகிலிருக்கும் மருமகளே. அவளைக் கேளாமல் வகுக்கும் வினாத்தாள் அம்மூதாட்டியை ஊமை என்றே பதிந்துவிடும்.

ஆகவே, டாக்டர் பட்டத்திற்கு ஆராயப் புகும் மாணவர், தலைப்பை முடிவு செய்யுமுன்பே நோயிலிருந்து மீண்டவர் சிலரையும் பராமரிப்போர் சிலரையும் கூட்டி, அவர்கள் கருத்தை அறிதல் வேண்டும். வினாத்தாள் விளங்குகிறதா, குறித்த நேரம் வீட்டு வேலைக்கு ஒத்துவருமா என்பவற்றை அவர்களே சொல்ல வல்லார். அவர்களது பயணச் செலவை ஆய்வாளர் ஏற்பதும், முடிவை அவர்கள் மொழியில் அவர்களுக்கே தெரிவிப்பதும் முறையாகும்.

நமக்கும் கடமை உண்டு. ஆய்வாளர் நம் வாயிலுக்கு வரும்போது, தமிழ் ஒன்றே அறிந்த முதியோரை உள்ளே இருத்திவிட்டு நாமே விடை சொல்லி அனுப்புதல் கூடாது. அவர்களை முன்னே அமர்த்தி, அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்து உதவுவோம். அதன்பின், "இவ்வினாக்களை வகுக்கும்போது எம்மைப் போன்றோர் எவரையேனும் கலந்தீர்களா?" என்று பணிவுடன் கேட்போம்.