வீட்டுக் கணினியின் மென்பொருள்கள்

உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய, அல்லது சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளில் சொல்லி அசெம்பிள் செய்வித்த கணினியொன்று முதன்முறை மின்சாரம் பெற்று விழிக்கும்பொழுது, அதனிடம் இருப்பது மதர்போர்டின் சில்லில் தயாரிப்பாளர் பதித்து அனுப்பிய யுஇஎஃப்ஐ என்னும் சிறு நிரல் மட்டுமே. அது செயலி, நினைவகம், எஸ்எஸ்டி ஆகிய அங்கங்கள் உள்ளனவா என்று விசாரித்துவிட்டு, இயங்குதளம் எதுவும் அகப்படாமையால் அவ்விடத்திலேயே நின்றுவிடும். அந்நிலையிலிருந்து அதனைக் கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் படம் பார்க்கவும் உரிய யந்திரமாக ஆக்கும் மென்பொருள்களைப் பற்றியது இக்கட்டுரை. யந்திரம் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். மென்பொருள்களின் ஆயுள் பல சமயங்களில் அதனினும் குறைவு. அவற்றைக் கொண்டு நாம் எழுதி வைத்த கோப்புகளோ நம் பிள்ளைகள் காலத்திலும் திறக்கப்பட வேண்டியவை. ஆகவே எந்த மென்பொருளைத் தெரிந்தெடுப்பதாயினும், அதில் செய்து வைத்ததை நாளைக்கு வேறொன்றில் திறக்க இயலுமா என்று முதற்கண் விசாரிப்பதே விவேகமாகும்.

இயங்குதளம்: வீடுகளில் மிகுதியாக வழங்குவது மைக்ரோசாப்ட்டின் விண்டோஸ். 2015இல் வெளிவந்த விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டு வந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றமையால், புதிய யந்திரத்துக்கு உரியது விண்டோஸ் 11. இதற்கு 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். அவ்வுறுப்பு மதர்போர்டில் இருந்தும் யுஇஎஃப்ஐ அமைப்பில் அணைந்து கிடப்பதுண்டாகையால், கணினி தகுதியற்றது என்ற செய்தியைக் கண்டவுடன் கடைக்காரரோடு சண்டைக்குப் புறப்படாமல், முதலில் அதை இயக்கிப் பார்ப்பது நலம். மற்றொரு வழி லினக்ஸ். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட கருநிரலோடு, ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகளையும் சேர்த்துப் பலர் பலவிதமாகத் தொகுத்தளிக்கும் இயங்குதளக் குடும்பம் இது. இக்குடும்பத்தில் புதியவர்களுக்கு எளிதானது 2004 முதல் வெளிவரும் உபுண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை வரும் அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஐந்தாண்டுகள் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கின்றன. டாலியில் வியாபாரக் கணக்கு எழுதுவோரும், பெரிய விளையாட்டுகளை விரும்பும் பிள்ளைகள் உள்ள வீட்டாரும் விண்டோஸை நாடுவது அவசியமாகலாம். உலாவி, கடிதம், திரைப்படம் என்ற அளவில் நின்றுவிடும் வீடுகளுக்கு உபுண்டு தாராளமாகப் போதும். "ஓஎஸ் நானே போட்டுத் தருகிறேன் சார், காசு வேண்டாம்" என்று உபசாரமாகச் சொல்லிப் போட்டுத் தரப்படுவது பல சமயங்களில் உரிமமற்ற பிரதியே. அதனைச் செயல்படுத்தும் கள்ள நிரலோ, வேலையைத் தொடங்கும்முன் வைரஸ் காவலை அணைத்து வைக்கும்படி கேட்பது வழக்கம். காவற்காரனை வெளியே அனுப்பச் சொல்லும் விருந்தாளியை எந்த வீட்டிலும் உள்ளே விடுவதில்லை.

டிரைவர்கள்: இயங்குதளத்துக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் இடையே துபாஷி வேலை பார்ப்பவை இவை. லினக்ஸில் பெரும்பாலானவை கருநிரலோடு கலந்தே வந்துவிடுகின்றன. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பிலோ ஒரு வேடிக்கையான சங்கடம் நேர்வதுண்டு. நிறுவும்பொழுதே அது இணையத் தொடர்பைக் கேட்கும். புதிய மதர்போர்டின் வைஃபை உறுப்பு இயங்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ இணையத்தில் இருக்கும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். வேறொரு கணினியில், மதர்போர்டுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து அந்த ஒரு டிரைவரை முன்னதாகவே எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்பவர்களுக்கு, அல்லது கைபேசியை யுஎஸ்பி வடத்தால் இணைத்து அதன் இணையத்தைக் கடன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, இச்சங்கடம் இல்லை.

பாதுகாப்பு: 2017 மே 12ஆம் நாள் வானாக்ரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது; இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14ஆம் நாளில், வெளியிட்டிருந்தது. எனவே, அப்டேட் வந்திருப்பதாகத் திரையில் தெரியும் அறிவிப்பை நாளைக்கு நாளை என்று தள்ளிப்போடாதிருப்பதே முதற்பெருங் காவல். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. கூடுதலாக இன்னொரு காவல் நிரலைப் போட்டால் யந்திரம் மந்தமாவதோடு, சந்தா புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகளால் உடையவரின் நிம்மதியும் போகும் என்பது எம் கருத்து. வேண்டிய நிரல்களைத் தேடுமிடத்தில் தோன்றும் விளம்பரங்களை அழுத்தாமல், ஆக்கியோரின் தளத்திலிருந்தோ, விண்டோஸிலுள்ள விங்கெட் என்னும் கட்டளையாலோ, உபுண்டுவின் மென்பொருட் களஞ்சியத்திலிருந்தோ பெறுதல் வேண்டும்.

தமிழ் எழுத்து: முதலிற் சொன்ன கோப்பின் ஆயுள் என்ற விஷயம் எவ்வளவு பெரியதென்பதைத் தமிழர் அனுபவித்தே அறிந்தவர்கள். 1990களில் தமிழ் எழுதப் பயன்பட்ட எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தவை. ஒவ்வோர் எழுத்துருவும் தன் மனம்போன இடத்தில் ஏற்றியது. இலங்கையில் பெருவழக்காயிருந்த பாமினியில் "அம்மா" என்று தட்டினால் கோப்பினுள் பதிவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அம்மா மறைந்து அவ்வைந்து குறிகளே காட்சியளிக்கும். அக்காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளும் ஆய்வேடுகளும் சங்கக் கணக்குகளும் இன்றும் எத்தனையோ தட்டுகளில் இவ்வாறு பாஷை தெரியாத ஊமைகளாகக் கிடக்கின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகம் முழுவதற்கும் ஒரே எண்ணை நிர்ணயித்த யூனிகோடு இக்குழப்பத்தைத் தீர்த்தது. 1991இல் வந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. விண்டோஸ் 2000 லதா என்னும் எழுத்துருவோடு வந்தபின் வீடுகளுக்கும் அது எட்டியது. உள்ளிடும் முறைகளில், 1999இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு அங்கீகரித்த தமிழ்99 மிகவும் சிலாகிக்கத் தக்கது. உயிரெழுத்துகளை இடக்கையிலும் மெய்களைப் பெரும்பாலும் வலக்கையிலும் அமைத்து, ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குத் தானே புள்ளியிட்டுவிடும் ஆதலால், அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் அம்மா வந்துவிடுகிறாள். இப்பொழுது விண்டோஸ் 11, உபுண்டு இரண்டிலும் இவ்விசைப்பலகை உள்ளேயே இருப்பதால், மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்வதொன்றே வேலை. பழைய கோப்புகள் வைத்திருப்போர் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியால் அவற்றை யூனிகோடாக்கிக்கொள்ளுதல், புது யந்திரத்தில் செய்யத்தக்க முதற் புண்ணியம்.

அலுவல் நிரல்கள்: கடிதமும் கணக்கும் எழுதப் பொருத்தமானது லிப்ரேஆபீஸ். 1985இல் ஜெர்மனியில் மார்கோ போரீஸ் என்னும் இளைஞர் ஆரம்பித்த எழுத்து நிரல் ஸ்டார்ஆபீஸாக வளர்ந்து, 1999இல் சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2000இல் மூலநிரல் திறக்கப்பெற்று ஓப்பன்ஆபீஸாகி, 2010இல் அதிலிருந்து பிரிந்து இப்பெயர் பெற்றது. பெயரும் உடைமையும் இத்தனை முறை மாறியும் இக்குடும்பத்து ஆவணங்கள் வழக்கொழியாமைக்கு, 2006இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட ஓடிஎஃப் என்னும் வடிவம் முக்கிய காரணம். வேர்டு கோப்புகளையும் இது திறக்கும். பக்க அமைப்பு மட்டும் சிற்சில இடங்களில் கலையும். பிறருக்கு அனுப்புவதை, 1993இல் அடோபி வெளியிட்டு 2008இல் சர்வதேசத் தரமான பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பினால் அத்தொல்லையும் இராது. பிடிஎஃப் படிக்கத் தனி நிரல் வேண்டியதில்லை. ஃபயர்பாக்ஸ் முதலிய உலாவிகளே திறந்து காட்டும். படமும் பாட்டும் ஓட்டுவதற்கு, பாரிஸ் நகர்ப் பொறியியல் மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சியிலிருந்து பிறந்த விஎல்சி ஒன்றே போதும்.

காப்புப் பிரதி: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், ஒன்றேனும் வீட்டுக்கு வெளியே என்பது இத்துறையினர் சொல்லும் நியதி. விண்டோஸில் கோப்பு வரலாறு என்னும் வசதியும், உபுண்டுவில் தேஜாதூப் என்னும் நிரலும், வெளி வன்வட்டு ஒன்றைச் செருகினால் இவ்வேலையைச் செய்யும். பிரதி எடுத்ததோடு நில்லாமல் ஒரு கோப்பையேனும் அதிலிருந்து மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். இங்குப் பரிந்துரைத்தவற்றுள் காசு கொடுத்து வாங்க வேண்டியவை விண்டோஸ் உரிமமும் இவ்வன்வட்டும் மட்டுமே. கையிலுள்ள பணம் ஒன்றுக்குத்தான் காணுமென்றால் வன்வட்டை வாங்குக. இயங்குதளத்துக்கு உபுண்டு இருக்கிறது.